அக்கா எகிப்து பார்த்த நாள்

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம் என் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தாள். வந்தது ஊர் பார்க்க அல்ல, என் மனைவியின் பிள்ளைப்பேறு பார்க்க. ஆனாலும் கடவுச்சீட்டில் சுற்றுலாப் பயணி என்றுதான் முத்திரை குத்தியிருந்தார்கள். "நான் ரூரிஸ்ட் ஆக்கும், கொஞ்சம் மரியாதையாக் கதை" என்று சொல்லிக்கொண்டே காலையில் குளியலறையில் குந்தியிருந்து பிள்ளையின் நாப்பித் துணி கழுவுவாள்.

நாங்கள் அப்போது விம்பிள்டனில் ஒரு வீட்டின் மேல்மாடியில், இரண்டு அறைகளில் இருந்தோம். எனக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. நாள் முழுக்க ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு அளவெடுத்துத் தைத்த வேலை என்று மனைவி சொல்வாள். எனக்கு முன்கோபம் அதிகம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கோபத்தைவிடப் பயம் அதிகம் என்பதை நான் வெளியே காட்டிக்கொள்வதில்லை.

பிறந்தது மகன். நல்ல எடை, நல்ல குரல். ஆனால் மனைவி அவனை நம்பவில்லை. தூங்கினால் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்ப்பாள். அரை மணி நேரம் சத்தமில்லாமல் கிடந்தால் உலுப்பி எழுப்பிவிடுவாள். அவன் வீரிட்டு அழுதால்தான் அவளுக்கு மூச்சு வரும். அக்கா முதல் வாரம் ஏசிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை எட்டாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. அந்த நாட்களில் அப்படிப் பிறந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரியே பொறுப்பெடுத்து அடக்கம் செய்துவிடும். தாய்க்குக் காட்டாமல் விடுவதே நல்லது என்று பலர் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஊரிலும் பெண்கள் சுடலைக்குப் போவதில்லைதானே என்று ஒரு நியாயமும் கையில் வைத்திருந்தேன். மனைவி மருந்து மயக்கத்தில் கிடந்தாள். "பார்க்கிறீர்களா?" என்று தாதி கேட்டபோது இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் வேண்டாம் என்றேன்.

மயக்கம் தெளிந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் பாத்தனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

அது பொய். நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அந்தத் தாதி, வயதான ஒரு ஐரிஷ்காரி, பிள்ளையைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் முன்னால் நின்றாள். நான் பார்த்தேன். பார்த்தேன் என்று மனைவியிடம் சொன்னால், "அப்ப எனக்கேன் காட்டேல்லை?" என்று கேட்பாள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அதனால் இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து அடக்கம் செய்த இடத்துக்குப் போனோம். வெறும் புல்தரை. பெயர் கிடையாது, ஓர் இலக்கம் மட்டும் இருந்தது. மனைவி அங்கே நின்று அழவில்லை. "எங்கட ஆக்கள் ஒருத்தரும் அவளின்ர முகத்தைப் பாக்கேல்லை. ஒருத்தரும் பாக்காமலே போட்டாள்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அதையே வெவ்வேறு நாட்களில், சோறு போடும்போது, சட்டை மடிக்கும்போது, எதிர்பாராமல் சொல்வாள். நான் பக்கத்திலேயே இருப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். மறைத்ததுகூடப் பெரிதல்ல, இரண்டு வருடமாக அந்தச் சோற்றை நான்தான் உண்டுகொண்டிருந்தேன். இப்போது சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் இரண்டாவது பிள்ளையும் பிறந்துவிட்டான்.

அவனுக்குப் பதினெட்டாம் நாள் மனைவியே சொன்னாள். "மச்சாளை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. ஊருக்குப் போய் லண்டனில நாப்பியும் வாளியும்தான் பாத்தனான் எண்டு சொல்லப் போறா." கீழ்வீட்டில் இருந்த மட்டக்களப்பு மாமி துணைக்கு இருப்பதாகச் சொன்னார்.

எங்கே போகலாம் என்று அக்காவிடம் கேட்டேன். ராணியின் மாளிகை, பெரிய மணிக்கூடு, மெழுகுப் பொம்மை என்று நான் வரிசையாகச் சொல்ல, அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். "எகிப்து பாக்க வேணும்" என்றாள்.

அக்கா ஊரில் ஒரு பெண்கள் பாடசாலையில் சமூகக்கல்வி ஆசிரியை. ஆறாம் வகுப்பில் நைல் நதி நாகரிகம் என்று ஒரு பாடம். அதை இருபது வருடமாக ஒவ்வொரு மாசியிலும் படிப்பித்துவந்தாள். கரும்பலகையில் மூன்று கோட்டில் பிரமிட் கீறுவாள், பக்கத்தில் ஒரு பேரீச்சை மரம், கீழே ஒரு நெளிகோடு நைல் நதி. பாடப்புத்தகத்தில் இருந்த ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம் அச்சில் மை பரவி, அது மன்னனா மாட்டுவண்டியா என்று தெரியாமல் இருக்குமாம். லண்டனில் எகிப்தியப் பொருட்கள் நிறைந்த பெரிய மியூசியம் ஒன்று இருக்கிறது, பார்க்க ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோக ஆறு போஸ்ட்கார்ட் வாங்குவதாக வாக்கும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

புறப்பட்ட கோலத்தைச் சொல்ல வேண்டும். நீலச் சேலை, அதன்மேல் என்னுடைய ரயில்வே மழைக்கோட்டு, காலில் என் மனைவியின் கம்பளிச் சப்பாத்து. தோளில் ஒரு பை. பைக்குள் வாழையிலை இல்லாத குறைக்கு ஈயத்தாளில் சுற்றிய பிட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி.

"மியூசியத்துக்குள்ள சாப்பிட விடமாட்டாங்கள் அக்கா."

"வாசல்ல இருந்து சாப்பிடுவம். வாசலுக்கும் ஆள் நிக்குமோ?"

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறி, ஏர்ள்ஸ் கோர்ட்டில் மாறி, ஹோபனில் இறங்கினோம். வழி முழுவதும் பாடம் நடந்தது. நைல் ஏன் வருடாவருடம் பெருகியது, பப்பைரஸ் என்றால் என்ன, அவர்களின் எழுத்தை முதலில் வாசித்தறிந்தது யார். நான் ஆறாம் வகுப்பில் அவளிடம் படிக்கவில்லை என்ற குறையை அன்று தீர்த்துவைத்தாள். எதிரில் இருந்த வெள்ளைக்காரர் பத்திரிகையை இறக்கி இரண்டு தடவை எங்களைப் பார்த்தார்.

கீழ்த்தளத்தில் கற்சிலைகள். மலைபோல ஒரு மன்னனின் தலையும் மார்பும் இருந்தன. அக்கா கழுத்தை நிமிர்த்தி அதை நெடுநேரம் பார்த்தாள். கல்லைத் தொடக்கூடாது என்று காவலாளி கையைக் காட்டியதும் தன் கைகளை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவ்வளவு பெரிய ஆசிரியை ஒரு நொடியில் வகுப்புப் பிள்ளையாகிவிட்டதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அன்று உண்மையில் சந்தோஷம். ஊரில் சண்டை, ஊரடங்கு, பாடசாலை பாதி நாள் பூட்டு என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள், ஒரு மணி நேரம் அவை ஒன்றையும் பேசவில்லை.

"பூனையைக் கும்பிட்டவை எண்டு நான் சொல்லேக்க பெட்டையள் சிரிப்பாளவை" என்றாள், ஒரு வெண்கலப் பூனைக்கு முன்னால் நின்று. பூனையின் காதில் தோடு போட்டிருந்தது. "இனி மாசியில சிரிக்கட்டும், நானே நேரில கண்டனான் எண்டு சொல்லுவன்."

பிறகு படியேறி மேல்தளத்துக்குப் போனோம்.

அங்கே வர்ணம் பூசிய பெட்டிகள் வரிசையாக நின்றன. மனித முகம் வரைந்த மூடிகள், கறுத்த பெரிய கண்கள், கழுத்து நிறையப் பொன்னிறக் கோலம். அக்கா கண்ணாடியில் மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். எந்தெந்த உறுப்பை எந்தச் சாடியில் போட்டு வைப்பார்கள் என்று விரல் மடித்துச் சொன்னாள். ஈரல் ஒன்றில், குடல் ஒன்றில். ஒரு ஜப்பான் குடும்பம் வந்து அவள் பேச்சு விளங்காமலே மரியாதையாக நின்று கேட்டது. அவளும் அவர்களுக்குத் தமிழிலேயே ஒருமுறை விளக்கிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அறையின் ஒரு பக்கத்தில், மற்றவற்றோடு ஒட்டாமல், தாழ்வான ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே மணற்குழி மாதிரி அமைத்திருந்தார்கள். குழிக்குள் ஒருவன் ஒருக்களித்துக் கிடந்தான். துணி சுற்றவில்லை, பெட்டி இல்லை, பொன் இல்லை. முழங்கால்களை நெஞ்சுவரை மடக்கி, இரண்டு கைகளையும் முகத்தடியில் வைத்துக்கொண்டு கிடந்தான். சுற்றிவரச் சில மண்பானைகள்.

அக்கா வழமைபோலத் தொடங்கினாள். "இது மன்னர் ஆட்சிக்கு முந்தின காலம். அப்ப பதனிடத் தெரியாது. சுடுமணலில வைச்சால் தண்ணியெல்லாம் வத்தி, தானாவே..."

பாதியில் நின்றது பேச்சு. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகம் கிடக்கடா" என்றாள்.

நகம் இருந்தது. தலையில் கொஞ்ச மயிரும் இருந்தது.

"தம்பி, இது ஆள்."

"ஆள்தானே அக்கா. நீங்கள்தானே இருபது வருசமாப் படிப்பிக்கிறீங்கள்."

"படிப்பிச்சனான். பதனிடப்பட்ட உடல் எண்டு கரும்பலகையில எழுதினனான். செத்த ஆள் எண்டு ஒருநாளும் யோசிக்கேல்லை." அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. சுற்றும்முற்றும் பார்த்தாள். நின்ற பெட்டிகள் எல்லாவற்றையும் ஒருமுறை எண்ணுவதுபோலப் பார்த்தாள். "அப்ப இவ்வளவும் பிரேதங்களோ? நான் பிரேதங்களுக்கு நடுவிலயோ நிக்கிறன்? வீட்டில பதினெட்டு நாள் பச்சைப் பிள்ளை!"

ஊரில் செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்கள் கிணற்றடியில் தலை முழுகாமல் வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை. துடக்கு, சாவுத் தீட்டு. பச்சைப் பிள்ளை இருக்கும் வீடென்றால் கேட்கவே வேண்டாம். பட்டதாரியோ படியாதவரோ, இதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. ஆனால் ஐயாயிரம் வருடத்துக்கு முன் செத்தவனுக்குத் துடக்கு உண்டா என்று எந்த ஐயரும் சொல்லிவைக்கவில்லை. எனக்கு அதைக் கேட்டுப் பகிடி பண்ண வேண்டும் போலிருந்தது.

பகிடி வாயில் வரவில்லை. நானும் அந்தக் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேர் அதைச் சுற்றி நின்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு சின்னப் பெண் தகப்பனின் தோளில் ஏறியிருந்து பார்த்தாள். யாரென்றே தெரியாத ஒருவனின் முகத்தை இந்த உலகமே வந்து பார்க்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், தவளை தன் வாயால் கெடும் என்பது போல வாயையும் திறந்தேன்.

"எங்கட பிள்ளையும் இப்பிடித்தான் அக்கா, கையைக் கன்னத்தடியில வைச்சுக்கொண்டு கிடந்தவள்."

அக்கா மெல்ல நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "வா வெளியில" என்றாள்.

வாசலில் பெரிய தூண்களுக்கு நடுவே, மழை தூறிக்கொண்டிருக்கையில், நிறுத்திவைத்துக் கேட்டாள்.

"நீ பாத்தனியோ?"

"ஓம்."

"அவளுக்கு என்ன சொன்னனீ?"

"பாக்கேல்லை எண்டு."

"ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு அந்தப் பெட்டை எனக்கு எத்தினை தரம் சொல்லி அழுதிட்டாள் தெரியுமோ? அதுவும் நான் இஞ்ச வந்து ஒரு மாசத்துக்குள்ள. நாப்பி காயப்போடேக்க சொல்லுறாள், வெங்காயம் உரிக்கேக்க சொல்லுறாள். நீ அந்த வீட்டிலதானேடா இருக்கிறாய்?"

நான் கோபக்காரன் என்று சொன்னேன். கோபப்பட்டேன். அவள் தாங்கமாட்டாள் என்றுதான் சொல்லவில்லை, உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் அந்த ஆஸ்பத்திரியில் நின்றீர்களா என்று உரத்துப் பேசினேன். அக்கா மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் பேசி முடியும்வரை புறாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் கேட்டாள்:

"அவள் தாங்கமாட்டாளோ, நீ தாங்கமாட்டியோ?"

எனக்கு அழுகை வந்தது. தெருவில் அழுது பழக்கமில்லை, அதனால் மூக்கைச் சீறிச் சமாளித்தேன்.

"சரி, பேந்து பாப்பம்" என்றாள். "முதல்ல நான் குளிக்க வேணும். குளிக்காமல் அந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டன். அங்க குளியலறைக்குப் போறதெண்டால் பிள்ளை கிடக்கிற அறையைத் தாண்டித்தான் போக வேணும். பச்சைத் தண்ணி ஒரு மிடறும் குடியன்."

இது லண்டன், இங்கே கிணற்றடிக்கு எங்கே போவது என்றேன். நீ இந்த ஊரில் எட்டு வருடம் இருந்து என்ன கண்டாய் என்றாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மாணவனாக வந்த புதிதில் யூஸ்டன் பக்கம் ஓர் அறையில் இருந்தேன். அந்த வீட்டில் குளிக்க வசதியில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக கவுன்சில் ஒரு குளிப்பிடம் நடத்தியது. சில்லறையைக் கொடுத்தால் ஒரு துவாயும் சவர்க்காரத் துண்டும் தந்து, தொட்டி வைத்த சின்ன அறையைத் திறந்துவிடுவார்கள். சனிக்கிழமைதோறும் அங்கே போவேன்.

இருபது நிமிடம் நடந்து போனோம். இன்னும் இருந்தது, திறந்தும் இருந்தது. ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல், நடுவில் காத்திருப்பவர்கள் உட்கார ஒரு மர வாங்கு. பெண்கள் பக்கம் பொறுப்பாக இருந்த பருத்த அம்மா, சேலையும் ரயில்வே மழைக்கோட்டுமாக வந்து நின்ற என் அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமல் துவாயை நீட்டினார்.

அக்கா போனதும் நான் வாங்கில் இருந்தேன். பத்து நிமிடத்தில் அந்த அம்மா வெளியே வந்து, உங்கள் அக்கா தொட்டிக்குள் இறங்கமாட்டேன் என்கிறார், வாளி கேட்கிறார், எங்களிடம் வாளி இல்லை என்றார். தண்ணீர் அள்ளி ஊற்றாமல் அழுக்குத் தண்ணீருக்குள் குந்தியிருப்பது அக்காவின் கணக்கில் குளிப்பே அல்ல. நான் யோசித்து, பையிலிருந்த சுடுதண்ணிப் போத்தலின் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். அது ஒரு கோப்பை அளவுதான் இருக்கும். பிறகு சுவருக்கு அப்பால் சளார் சளார் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அக்கா வந்தாள். தலைமயிர் துவாயில், முகம் சிவந்து, சேலை அதே சேலை. முந்தானையை மட்டும் நனைத்துப் பிழிந்திருந்தாள்.

"சேலை தோயாமல் துடக்குப் போகுமோ?" என்று கேட்டேன்.

"ஆபத்துக்குப் பாவமில்லை" என்று சொல்லிவிட்டு, என் கையில் அந்த மூடியை வைத்தாள். "இப்ப நீ போ. நீயும் குளி. இண்டைக்குப் பாத்ததுக்கு மட்டுமில்லை, அண்டைக்குப் பாத்ததுக்கும் சேத்து முழுகு. அண்டைக்கு நீ முழுகியிருக்கமாட்டாய்."

முழுகவில்லைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்குப் போய், மறுநாள் வேலைக்கும் போனேன். முழுகினால் எதைப் பார்த்துவிட்டு முழுகுகிறேன் என்று சொல்ல வேண்டிவரும். எதையும் பார்க்காதவன் ஏன் முழுக வேண்டும்?

தொட்டியில் சுடுநீர் நிரம்பியது. சுவருக்கு வெளியே இருந்துதான் குழாயைத் திருப்புவார்கள், போதும் என்று உள்ளேயிருந்து கத்த வேண்டும். நான் கத்த மறந்து, காலடியில் தண்ணீர் வழிந்தது. அக்கா சொன்னபடி தொட்டிக்கு வெளியே நின்று மூடி மூடியாக அள்ளித் தலையில் ஊற்றினேன். சாமி மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் துவாய், அந்த முகம், அந்த ஐரிஷ்காரியின் கை, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் நினைத்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவற்றை விரட்டாமல் நினைத்தேன். நன்றாக அழுதேன். ஈரத்தில் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

வெளியே வந்தபோது அக்கா வாங்கில் பிட்டைப் பிரித்து வைத்திருந்தாள். அந்தப் பருத்த அம்மாவுக்கும் ஒரு பங்கு கொடுத்திருந்தாள். அவர் கத்தரிக்காயை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிட்டார். பசி எங்கள் இருவருக்கும். ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் முடித்தோம். ரயிலில் அக்கா நைல் நதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போஸ்ட்கார்ட் வாங்க மறந்துபோனது புட்னி பாலம் தாண்டும்போதுதான் நினைவு வந்தது. சனிக்கிழமை நான் போய் வாங்கி வருவதாகச் சொன்னேன்.

"அதெல்லாம் கிடக்கட்டும். இண்டைக்குச் சொல்லு. நான் சொல்லமாட்டன், நீதான் சொல்ல வேணும்" என்றாள்.

"அவள் என்னை மன்னிக்காட்டி?"

"மன்னிக்காட்டி இரு. அவளுக்கு வேண்டியது நீ கேக்கிற மன்னிப்போ? அவளின்ர பிள்ளையின்ர முகம் உன்னட்டக் கிடக்கு. குடு அதை."

வீட்டுக்குப் போகும்போது நான்கு மணிதான், ஆனால் மார்கழியில் அதற்குள் இருட்டிவிடும். மட்டக்களப்பு மாமி கீழே போனார். அக்கா கோட்டைக் கழற்றிவிட்டு சமைக்கப் போவதுபோல நேரே குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி கட்டிலில் சாய்ந்திருந்து மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் தலை ஈரமாக இருப்பதைப் பார்த்து, "மழையோ?" என்று கேட்டாள்.

நான் கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டு இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று வழி முழுவதும் யோசித்துவைத்த வசனங்கள் ஒன்றும் நினைவில் இல்லை.

"நான் அவளைப் பாத்தனான்" என்றேன்.

யாரை என்று அவள் கேட்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஏன் இல்லையெண்டனீங்கள்?"

"பயத்தில."

"என்ன பயம்?"

"உமக்கேன் காட்டேல்லை எண்டு கேட்டால், என்னட்ட மறுமொழி இல்லை."

"அதை இப்பவும் கேப்பன்."

"ஓம்."

"அதுக்கு நீங்கள் எனக்கு மறுமொழி சொல்ல வேணும்."

"ஓம்."

"அதைப் பேந்து கேக்கிறன்." அவள் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப சொல்லுங்கோ. எப்பிடி இருந்தவள்?"

சொன்னேன். தலைமயிர் நிறைய இருந்தது, காதுவரைக்கும், ஈரமாக ஒட்டிக்கொண்டு. காது சின்னது. வாய்க்குக் கீழே நாடி உம்முடையது, அச்சு அப்படியே உம்முடையது. வாய் ஒரு பக்கம் கொஞ்சம் கோணியிருந்தது, நீர் கோபத்தில் இருக்கும்போது கோணுமே, அப்படி. கண் மூடியிருந்தது. இடக் கை கன்னத்தடியில்.

"நிறம்?"

"என்ர நிறம்."

"பாவம்" என்றாள். அழுகைக்குள்ளே சிரித்தாள்.

"தூக்கினீங்களோ?"

"இல்லை." அதைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. "கன்னத்தில ஒரு விரல் வைச்சனான்."

"குளிர்ந்து போயிருந்தவளோ?"

"இல்லை. சூடா இருந்தவள்."

அப்போது அவள் அழுதாள். சத்தம் போட்டு, உடம்பு குலுங்க அழுதாள். மகன் பாலை விட்டுவிட்டு அவனும் அழத் தொடங்கினான். நான் இருவருக்கும் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் எழும்பினேன். அவள் என் கையைப் பிடித்து மீண்டும் கதிரையில் இருத்தினாள். பிடித்த கையை விடாமலே குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"மச்சாள், இஞ்ச ஓடி வாங்கோ. இவர் எங்கட மூத்தவளைப் பாத்தவராம். வந்து கேளுங்கோ."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் இருந்தாள். மனைவி மகனைத் தூக்கி அவள் மடியில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப முதலில இருந்து சொல்லுங்கோ" என்றாள்.